மார்ச் கடைசியில் நெப்ராஸ்கா: எந்த நேரத்தில் எங்கே நிற்பது?

கேள்வி இதுதான்: சிகாகோ பக்கம் இருக்கிறோம். மார்ச் கடைசி வாரம் பையனுக்குப் பள்ளி விடுமுறை. அவனுக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். வேடந்தாங்கல் போய்ப் பழக்கம் உண்டு, மற்றபடி எங்களுக்குப் பெரிய அனுபவம் கிடையாது. வசந்தத் தொடக்கத்தில் ஈரநிலம், புல்வெளி இரண்டையும் சேர்த்துப் பறவை பார்க்க ஒரு நாலு நாள் எங்கே போகலாம்?

மார்ச் கடைசி வாரம் என்றால் நான் ஒரே இடத்தைத்தான் சொல்வேன்: நடு நெப்ராஸ்கா. கார்னி என்ற ஊரில் தங்குங்கள். (பலகையில் எழுத்துக்கூட்டிப் படித்தால் கியர்னி என்று வரும். உள்ளூர்க்காரர்கள் கார்னி என்றுதான் சொல்வார்கள்.) சிகாகோவிலிருந்து காரில் ஒரு முழுப் பகல் ஆகும். பெரியவர்களை அவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டாம் என்றால் ஒமாஹா வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். மூன்று மணி நேரத்தில் கார்னி. விஸ்கான்சினில் ஹோரிகான் சதுப்பு பக்கத்திலேயே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். நல்ல இடம்தான், ஏதாவது ஒரு வார இறுதியில் போய் வாருங்கள். ஆனால் நாலு நாள் ஒதுக்கி, ஊரிலிருந்து வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் கார்னி பக்கம் ஓடும் பிளாட் ஆற்றுக்கும் அதில் வந்து கூடும் கொக்குகளுக்கும் ஈடு கிடையாது.

வேடந்தாங்கல் பழக்கம் என்று எழுதியிருப்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. காலை பத்து மணிக்குப் போனாலும் மாலை நாலு மணிக்குப் போனாலும் கரையில் நின்றால் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். நெப்ராஸ்காவில் மார்ச்சில் பார்க்கப்போவதெல்லாம் பெரும்பாலும் வழிப்போக்கர்கள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே போகிற வழியில் சில வாரம் தங்கி, தின்று கொழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அதே பறவை விடியலில் ஆற்றில் நிற்கும், பகலில் மக்காச்சோளக் காட்டில் மேயும், இருட்டும் நேரத்தில் மறுபடி ஆற்றுக்கு வரும். பத்து மணிக்கு ஆற்றுப் பாலத்தில் போய் நின்றால் வெறும் மணல் திட்டுதான் தெரியும். ஆக, எந்த இடம் என்பதைவிட எந்த மணிக்கு எந்த இடம் என்பதை வைத்துத்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முக்கியமான பறவை சாண்ட்ஹில் கொக்கு. நம்மூர் வயலில் நிற்கிற வெள்ளைக் கொக்குக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், மரத்தில் உட்காரும். இது கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும், மரத்தில் உட்காராது. சாம்பல் நிறம், நெற்றியில் சிவப்புத் தோல், ஒன்பது வயதுப் பையனின் நெஞ்சு உயரம். டெக்ஸஸ், நியூ மெக்ஸிகோ, வட மெக்ஸிகோ பக்கங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பிளாட் ஆற்றில் வந்து குவியும். அப்புறம் கனடா, அலாஸ்கா. ஒரு பகுதி பெரிங் நீரிணையைத் தாண்டிச் சைபீரியா வரைக்கும் போகும். உலகத்தில் உள்ள சாண்ட்ஹில் கொக்குகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஓர் ஆற்றின் சுமார் 130 கிலோமீட்டர் நீளத்தில் வந்து தங்குகின்றன. சமீப ஆண்டுகளில் உச்ச வாரத்து வான்வழிக் கணக்கு ஆறு லட்சத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. நீங்கள் போகும் வாரம் உச்சத்திலோ அதை ஒட்டியோதான் இருக்கும்.

இத்தனையும் ஏன் இந்த ஆற்றுக்கு வருகின்றன? ஒரு மைல் அகலம், ஓர் அங்குல ஆழம் என்று அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் கேலி பேசிய ஆறு இது. அந்தக் கேலிதான் கொக்குக்கு வசதி. கொக்கு நின்றுகொண்டே தூங்கும், கணுக்கால் அளவு தண்ணீரில். சுற்றிலும் மறைப்பில்லாத அகலமான ஓட்டம் வேண்டும். கயோட்டி என்ற ஓநாய் வகை மாதிரி ஏதாவது இரவில் வந்தால் தண்ணீர் சலசலப்பு முதலில் கேட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டில் மேலே அணைகள் வந்தன. வையோமிங்கில் பாத்ஃபைண்டர் 1909இல், நெப்ராஸ்காவிலேயே கிங்ஸ்லி 1941இல். வசந்த வெள்ளமும் பனிக்கட்டியும் வந்து மணல் திட்டுகளை வழித்துக்கொண்டு போவது குறைந்தது. திட்டுகளில் காட்டன்வுட் மரமும் வில்லோவும் முளைத்து மண்டின. ஓட்டம் குறுகிப் பல கால்வாய்களாகிவிட்டது. முன்பு இன்னும் நீண்ட பகுதியில் பரந்து தங்கிய கொக்குகள் இந்தத் துண்டுக்குள் நெருங்கிவிட்டதற்கு இதுதான் காரணம். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் திறந்த மணல் திட்டு பல இடங்களில் இயந்திரம் விட்டு மரம், செடி எடுத்துத் துப்புரவாக வைத்திருப்பது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதற்குக் கொலராடோ, வையோமிங், நெப்ராஸ்கா மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து 2007 முதல் ஒரு கூட்டுத் திட்டம் நடத்துகின்றன. காவிரிப் பேச்சு கேட்டு வளர்ந்த நமக்கு மூன்று மாநிலம் ஓர் ஆற்றுக்காக ஒரே மேஜையில் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சாப்பாடு வயலில். அறுவடையில் சிந்திக் கிடக்கும் மக்காச்சோளம்தான் இப்போது இவற்றின் தீனியில் பெரும்பங்கு. அதில் கொழுப்பு ஏறும். ஆனால் புரதமும் சுண்ணாம்பும் கிடைக்காது. அதற்காக ஆற்றோரத்து ஈரப் புல்வெளியில் அலகை விட்டுக் கிளறி மண்புழு, நத்தை, பூச்சி தின்னும். மூன்று நாலு வாரத்தில் உடல் எடை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆர்க்டிக் பக்கம் போய் இறங்கும்போது அங்கே இன்னும் பனி இருக்கலாம். இங்கே சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் முட்டையிடுவது வரை ஓட்ட வேண்டும்.

இப்போது நேரம். மார்ச் கடைசியில் கார்னியில் சூரிய உதயம் காலை ஏழரை மணி சுமார், அஸ்தமனம் எட்டு மணிக்குச் சற்று முன். கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள், ஊரும் அந்த நேர மண்டலத்தின் மேற்குப் பக்கம். அதனால்தான் இவ்வளவு தாமதம். பையனை நாலு மணிக்கு எழுப்ப வேண்டிய கொடுமை இல்லை. முதல் நாள் சாயங்காலத்தில் தொடங்குங்கள். ஃபோர்ட் கார்னி பொழுதுபோக்குப் பூங்காவில் பழைய ரயில் பாலம் ஒன்றை நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள். காருக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். தளம் சமமாக இருக்கும், அப்பா அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். முதலில் தூரத்தில் கோடு கோடாகத் தெரியும். ஏழே முக்காலுக்கு மேல் சத்தம் நாலு பக்கமும் ஏறும். பெருங்கூட்டம் இறங்குவது பல நாள் சூரியன் மறைந்த பிறகுதான். படம் எடுப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், காதுக்கு அதுவே விருந்து. கொக்கின் மூச்சுக்குழாய் மார்பெலும்புக்குள் சுருண்டு போவதால் குரல் அப்படி முழங்குகிறது. காற்று அடங்கிய மாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் ஆல்டா எக்ஸிட் 305க்குத் தெற்கே, கிப்பன் எக்ஸிட் 285க்குத் தெற்கே, சாலையோரத்திலேயே மேடைகள் உண்டு. இலவசம், அதனால் கூட்டமும் உண்டு.

விடியலுக்குக் காசு கொடுத்து மறைவிடம் பதிவு செய்வது என் பரிந்துரை. ஆற்றங்கரையில் பலகை அடித்த நீளமான அறை, முன்பக்கம் சின்ன ஜன்னல்கள். கிப்பன் பக்கத்தில் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ரோ சரணாலயம் 1974 முதல் இருக்கிறது. ஆல்டா பக்கத்தில் கிரேன் டிரஸ்ட் என்ற கொக்குப் பாதுகாப்பு அறக்கட்டளை. இதன் பிறப்பு வேடிக்கையானது. வையோமிங்கில் கட்டிய ஓர் அணை மீதான வழக்கு 1978இல் சமரசத்தில் முடிந்தபோது கிடைத்த பணத்தில் உருவானது. இரண்டு இடத்திலும் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். பேசக் கூடாது, ஃபோன் திரை ஒளிரக் கூடாது, வழிகாட்டி சொல்லும் வரை வெளியே வரக் கூடாது. இரண்டு மணி நேரம் ஆகலாம், கழிவறை வசதி சொற்பம், சூடேற்றி இருக்காது. உங்கள் பெற்றோருக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒத்துவராது என்றால் நீங்களும் பையனும் மட்டும் ஒரு காலை போய் வாருங்கள். அவர்கள் சாயங்காலப் பாலத்திலேயே முக்கால்வாசியைப் பார்த்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், பணம் கட்டுமுன் அதையும் பாருங்கள். மார்ச் கடைசி வாரத்து இடங்கள் சீக்கிரம் போய்விடும், குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

விடியலில் என்ன நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சில நாள் வெண்தலைக் கழுகு ஒன்று தலைக்கு மேல் போனதும் பத்தாயிரம் கொக்கு ஒரே மூச்சில் எழும்பும். சில நாள் பனிமூட்டம் போட்டு எட்டரை மணி வரை சும்மா நின்றுகொண்டே இருக்கும். இரண்டாவது வகைக் காலைதான் எனக்குப் பிடிக்கும். நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் வயலுக்கு நகருங்கள். கிப்பனுக்கும் ஆல்டாவுக்கும் இடையே ஆற்றை ஒட்டிய கிராமச் சாலைகளில் காரை மெதுவாக விடுங்கள். கார்தான் இங்கே உங்கள் மறைவிடம். ஜன்னலை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தால் கொக்கு கண்டுகொள்ளாது. கதவைத் திறந்து காலை வெளியே வைத்த அடுத்த நிமிடம் வயலே காலி. அப்படி ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீண். தவிர, சாலைக்கு இரண்டு பக்கமும் தனியார் நிலம், வேலி தாண்டவே கூடாது. பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். ஓரமாக, பின்னால் வருகிற டிராக்டருக்கு வழி விட்டு நிறுத்துங்கள்.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கூட்டத்தில் குடும்பங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பெரிய கொக்குக்கு நடுவே நெற்றியில் சிவப்பில்லாமல், பிடரி பழுப்பாக ஒன்று நின்றால் அது போன கோடையில் பிறந்த குஞ்சு. பெற்றோர் முழங்கும்போது அது மட்டும் விசில் அடிப்பது போன்ற மெல்லிய குரலில் கத்தும். பெற்றோரை விட்டுப் பிரியப்போகிற கட்டம் இது. ஜோடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே இருக்கும், இரண்டும் தலையை மேலே தூக்கிச் சேர்ந்திசை பாடும். நடனமும் பார்ப்பீர்கள். குதிக்கும், தலை வணங்கும், மக்காச்சோளத் தட்டையைப் பொறுக்கி மேலே எறியும். ஜோடி சேராத இளசுகள்தான் அதிகம் ஆடும், ஆனால் ஒன்று தொடங்கினால் பக்கத்தில் கிழடு தட்டியவையும் சேர்ந்துகொள்ளும். சில கொக்கின் முதுகு துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். அது வேறு இனமில்லை. இரும்புச்சத்துள்ள சேற்றை எடுத்து இறகில் தானே பூசிக்கொள்கிறது.

அரிதான வெள்ளை இனமான ஹூப்பிங் கொக்கைப் பார்ப்போமா என்று அடுத்து கேட்பீர்கள். பார்க்கலாம், எதிர்பார்க்காதீர்கள். வட அமெரிக்காவின் உயரமான பறவை, ஒன்றரை மீட்டர். 1941இல் உலகத்தில் மொத்தமே இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. இன்று டெக்ஸஸ் அரான்சாஸ் கடற்கரைக்கும் கனடாவின் வுட் பஃபலோ பூங்காவுக்கும் இடையே போய்வரும் கூட்டம் ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. அது பிளாட் ஆற்றைக் கடக்கும் காலம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. ஒரு சிலதான் இறங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் வெள்ளையாக எதைக் கண்டாலும் அதுதான் என்று கத்திவிடுவார்கள். பனிவாத்தும் வெள்ளை, அதற்கும் சிறகு நுனி கறுப்பு, ஆனால் கால் குட்டை. வெள்ளைக் கூழைக்கடா பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு நெடுகக் கறுப்பாக இருக்கும், கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். கழுத்து முன்னால், கால் பின்னால், இரண்டும் நீண்டு, கறுப்பு சிறகு நுனியில் மட்டும் இருந்தால் அப்போது சந்தோஷப்படலாம். கண்டால் கிட்டே போகாதீர்கள். இருக்கிற இடத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

ஆறு பற்றி இவ்வளவு போதும். ஆற்றுக்குத் தெற்கே ஈரநிலம் என்று நீங்கள் கேட்டதற்குச் சரியான பதில் இருக்கிறது. ரெயின்வாட்டர் பேசின் என்று பெயர். காற்று குடைந்து உண்டாக்கிய ஆழமில்லாத பள்ளங்கள், அடியில் களிமண். ஓடை எதுவும் வந்து சேராது, பனி உருகியும் மழை பெய்தும் நிரம்ப வேண்டியதுதான். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் ஆயிரக்கணக்கில் இருந்த பள்ளங்களில் சுமார் 90 சதவீதத்தை வடிகால் வெட்டி வயலாக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் பல மத்திய அரசு வாங்கிப் பாதுகாக்கும் நீர்ப்பறவை நிலங்கள். கார்னியிலிருந்து தென்மேற்கே ஃபங்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருப்பது அவற்றில் பெரியது. கரை மேல் நடக்கலாம், கட்டணம் கிடையாது. மழையில்லாத வருடத்தில் பல பள்ளம் காய்ந்து கிடக்கும். அப்போது பம்பு வைத்து நிலத்தடி நீர் விடும் சிலவற்றில் மட்டும் தண்ணீர் இருக்கும், எல்லாப் பறவையும் அங்கேதான். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் என்று ஊர் பார்வையாளர் மையத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் போகிற வாரத்தில் இங்கே ஒரு குறை. பனிவாத்துகளின் பெருங்கூட்டம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான், லட்சக்கணக்கில் எழும்பும் காட்சி அநேகமாக முடிந்திருக்கும். ஆனால் சின்ன வாத்துகளுக்கு அதுவே நல்ல நேரம். கிளுவை, நீலச்சிறகுக் கிளுவை, செந்தலை வாத்து, தட்டைவாயன், ஊசிவால் வாத்து எல்லாம் புது இறகோடு இருக்கும். கடைசி இரண்டையும் உங்கள் அப்பாவுக்குக் காட்டுங்கள். கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் குளிர்காலத்தில் வருவதும் இதே இனங்கள்தான். அங்கே வருபவை சைபீரியா பக்கத்தில் கூடு கட்டுகின்றன, இவை கனடாவில். வட அமெரிக்காவில் 1950களில் ஒரு கோடியை எட்டிய ஊசிவால் வாத்து இன்று அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கனடாவின் பிரெய்ரி என்ற புல்வெளி நிலத்தில் இது போன வருடத்து அறுவடைத் தாள் நிற்கும் வயலில் சீக்கிரமே வந்து கூடு கட்டிவிடும். அப்புறம் உழவு இயந்திரம் வந்து முட்டையோடு புரட்டிப் போட்டுவிடும். மற்ற வாத்துகள் கொஞ்சம் தாமதமாக, புல்லில் கட்டுவதால் தப்பித்துக்கொள்கின்றன.

ஃபங்க் மாதிரி இடங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பனிவாத்து அளவுக்கு மீறிப் பெருகி ஆர்க்டிக் புல்வெளியையே வேரோடு பிடுங்கித் தின்று மொட்டையாக்குவதால் 1999 முதல் வசந்தத்திலும் அதைச் சுட அனுமதி இருக்கிறது. ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று காரில் இருக்கட்டும். வேட்டைக்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இந்த நிலங்களை வாங்கிய பணத்தில் பெரும்பகுதி அவர்கள் வாங்கும் 'டக் ஸ்டாம்ப்' வில்லையிலிருந்து வந்தது. 1934இல் தொடங்கியது, இப்போது 25 டாலர். பறவை பார்ப்பவர்களும் அதை வாங்கலாம், வாங்கவும் வேண்டும் என்பது என் கட்சி. சாண்ட்ஹில் கொக்கை மட்டும் நெப்ராஸ்காவில் சுடக் கூடாது. இந்தப் பறவைகளின் நடுக் கண்டப் பாதையில் உள்ள மாநிலங்களில் அப்படித் தடை வைத்திருப்பது நெப்ராஸ்கா மட்டும்தான்.

அடுத்து புல்வெளி. இதற்கு ஒரு முழு இரவும் காலையும் தனியாக ஒதுக்குங்கள். கார்னியிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் போனால் சாண்ட்ஹில்ஸ் மணற்குன்றுகள். சுமார் 50,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு, முழுக்கப் புல் போர்த்தியது. மணலாக இருப்பதால் ஏர் ஓட்ட முடியவில்லை, ஓட்டியவர்களும் தோற்று ஓடினார்கள். மாடு மேய்ப்பது மட்டும் நிலைத்தது. அதனால் புல்லும் பிழைத்தது. நீங்கள் வசிக்கும் இல்லினாயைப் பாருங்கள், 'பிரெய்ரி மாநிலம்' என்றே பட்டப்பெயர். அங்கே 2.2 கோடி ஏக்கர் இருந்த புல்வெளியில் கெடாமல் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். மண் அவ்வளவு நல்ல மண்.

புல் போனால் என்ன போகும் என்பதற்குப் பிரெய்ரி கோழிதான் சாட்சி. இல்லினாயில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தது, 1990களின் தொடக்கத்தில் ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. எஞ்சியவை நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ந்து முட்டை பொரிப்பதே குறைந்துபோனது. 1992 முதல் மினசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்காவிலிருந்து கோழிகளைப் பிடித்துக்கொண்டு வந்து விட்ட பிறகுதான் பொரிக்கும் விகிதம் மீண்டது. கிழக்குக் கடற்கரையில் இருந்த இதே கோழியின் கிளையினம், ஹீத் கோழி, 1932இல் கடைசி ஆணோடு முடிந்தே போயிற்று. ஆனால் நெப்ராஸ்காவில் இன்னும் நிறைய இருக்கிறது.

மார்ச் கடைசியில் இந்தக் கோழிகளில் ஆண்கள் மட்டும் விடியலில் ஒரு மேட்டில் கூடும். புல் குட்டையாக, நாலு பக்கமும் பார்வை திறந்த இடம். வருடா வருடம் பெரும்பாலும் அதே மேடுதான். கழுத்தின் இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பை உப்பும், கழுத்து இறகு கொம்பு மாதிரி நிமிரும், கால் தரையில் படபடவென்று தாளம் போடும். குரல், காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த 'ஊ...' ஓசை. காற்றில்லாத நாளில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். பெட்டைகள் சாதாரணமாக நடுவில் நடந்து போகும், எதையும் கண்டுகொள்ளாதது போல. கூட்டத்தில் ஒன்றிரண்டு ஆணுக்குத்தான் பெரும்பாலான பெட்டைகளின் சம்மதம் கிடைக்கும், மற்றவை அடித்துக்கொள்வதோடு சரி. பெட்டைகள் அதிகம் வருவது ஏப்ரல் முதல் பாதியில். மார்ச் கடைசியில் ஆண்களின் சண்டைதான் முக்கிய நிகழ்ச்சி, பையனுக்கு அதுவே பிடிக்கும்.

சும்மா காரில் போய் இதைத் தேடாதீர்கள், மேடுகள் எல்லாம் பண்ணைகளுக்குள். பண்ணைக்காரர்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறார்கள். பர்வெல் என்ற ஊர்ப் பக்கத்தில் பழைய பள்ளிப் பேருந்தையே மறைவிடமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பெரியவர்களுக்கு அது ஆற்றங்கரை அறையைவிட வசதி. சூரியன் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே உள்ளே போய்விட வேண்டும். கோழிகள் தாமாகக் கலையும் வரை இறங்கக் கூடாது. அருகில் வேறொரு மேட்டில் கூர்வால் கோழியும் ஆடும். நேரம் இருந்தால் இரண்டையும் கேளுங்கள். திரும்பி வரும் வழியில் வேலிக் கம்பத்தில் மஞ்சள் மார்பில் கறுப்பு 'வி' போட்ட பறவை உட்கார்ந்து பாடினால் அது மேற்கத்திய மெடோலார்க், நெப்ராஸ்காவின் மாநிலப் பறவை. பூனைப்பருந்து தாழப் பறந்து புல்லை அலசிக்கொண்டு போகும். ஏரிக்கரையில் கில்டீர் என்ற சின்னக் கரைப்பறவை கத்தும். இவற்றுக்கெல்லாம் திட்டம் வேண்டாம், தானாக வரும்.

நாலு நாளை எப்படிப் பிரிப்பது என்றால்: வந்த நாள் மாலை பாலம், இரண்டாம் நாள் விடியல் மறைவிடம், பகலில் வயல், மூன்றாம் நாள் காலை ஃபங்க், மதியம் வடக்கே கிளம்பி இரவு பர்வெல், நாலாம் நாள் விடியல் கோழி, பிறகு ஒமாஹா திரும்பல். இதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். தினம் ஒரு மதியத் தூக்கத்துக்கு இடம் விடுங்கள்.

குளிரை லேசாக எடுக்க வேண்டாம். ஒரே வாரத்தில் சட்டையோடு நடக்கலாம் என்கிற வெயிலும் வரும், பனிப்புயலும் வரும். 2019 மார்ச் நடுவில் புயலும் பெருவெள்ளமும் சேர்ந்து நெப்ராஸ்காவின் சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. வெப்பநிலையைவிடக் காற்றுதான் வதைக்கும். பெற்றோருக்குக் கையுறை, காது மூடும் குல்லா, இரட்டைச் சாக்ஸ், மடியில் போட ஒரு கம்பளி. மழை பெய்திருந்தால் 'பராமரிப்புக் குறைந்த சாலை' என்று பலகை உள்ள மண் சாலைக்குள் வாடகைக் காரை விட்டுவிடாதீர்கள், டிராக்டர் வந்து இழுக்க வேண்டியிருக்கும். பைனாகுலர் 8x42 போதும், ஆளுக்கு ஒன்று இருந்தால் சண்டை வராது. மறைவிடத்தில் ஃபிளாஷ் கூடாது. சைவம் என்றால் சிற்றூர்களில் திண்டாட்டம்தான். புளியோதரையும் ஃபிளாஸ்கில் காப்பியும் கையோடு இருக்கட்டும்.

விடுமுறை எப்படியாவது ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போனால் இந்தத் திட்டம் செல்லாது. கொக்கெல்லாம் போயிருக்கும். அப்போது கான்சஸில் கிரேட் பெண்ட் பக்கத்தில் செயன் பாட்டம்ஸ் போங்கள். 41,000 ஏக்கர் சதுப்பு, 1988 முதல் ராம்சார் தளம். அது உள்ளான்களின் காலம். அங்கே விடியலுக்கு எழுந்திருக்கவும் வேண்டாம், பகல் முழுக்கச் சேற்றில் மேய்ந்துகொண்டே இருக்கும்.